மாமா தலை சாய்த்த சுவர்

அழுக்குக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பல்லில் இருந்தால் ஊத்தை. சட்டி அடியில் இருந்தால் கரி. குளத்துப் படியில் பாசி. முடியில் சிக்கு. பலகாரக் கடை மேசையில் பிசுக்கு. பிள்ளைகள் தெருவில் புரண்டுவிட்டு வந்தால் இதெல்லாம் சேர்ந்து, 'என்ன கோலம்ட்டி இது?' நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தென்காசியில் சின்னதாக ஒரு தையல் கடை. வருகிறவர்களுக்கு அளவு எடுக்கிற நேரத்தில் அவர்கள் பேச்சையும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த நோட்டில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் இருக்கிறது. க்ரைம். குற்றத்துக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. இது ஜி எழுத்தில் ஆரம்பிப்பது. இதற்கும் அழுக்கு என்றுதான் அர்த்தம். ஆனால் காற்றில் வந்து உட்காருகிற தூசி இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டு, ஊறி, அந்த இடத்தோடு ஒன்றாகிப் போன அழுக்கு. எனக்கு அந்த வார்த்தை பத்து வயதில் வந்து சேர்ந்தது. வந்த ஒரே வாரத்தில் அதை வைத்து நான் ஒரு வேலை செய்தேன்.

எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு சாண் அகலம். அது என் அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, தலை சாய்த்த இடம்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா பட்டாளத்தில் இருந்தார். அவருக்கு அம்மா அப்பா இல்லாததால் கல்யாணத்துக்குப் பிறகும் அத்தை எங்களோடுதான் இருந்தாள். மாமா வருஷத்துக்கு ஒருமுறை, குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாட்களாகப் பார்த்து லீவு போட்டுவிட்டு வருவார். காலையில் தலை கொள்ளாமல் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்பாவின் மொபெட்டில் கிளம்பினால், அருவிக்கு அடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார். மலையிலிருந்து அவ்வளவு தண்ணீர் விழுந்தும் அந்த எண்ணெய் போகாது. வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தச் சுவரில் சாய்ந்து தரையில் உட்காருவார். அப்படியே பேப்பர் படிப்பார், அப்படியே தூங்குவார். வெங்காயம் உரிக்கிற அத்தையை வம்புக்கு இழுப்பதும் அப்படியேதான்.

அம்மாவுக்கு அவர் அண்ணன் முறை.

"தலைக்கு வச்ச எண்ணெய பூரா செவத்துலல்லா தேய்க்கியோ அண்ணாச்சி" என்பாள்.

"செவருக்கும் ரெண்டு முடி முளைக்கட்டும் தங்கச்சி. மொட்டையாத்தானே நிக்கி" என்பார் மாமா.

அம்மா சிரித்துக்கொண்டே துணியை நனைத்து வந்து துடைப்பாள். மறுநாள் மறுபடியும் வட்டம். அது கறுப்பாகப் பிடித்துக்கொள்வதற்கு நான்கு லீவு ஆயிற்று.

ஐந்தாவது லீவுக்கு மாமா வரவில்லை. மலையில் பனி சரிந்து விழுந்து போய்விட்டார். பெட்டிதான் வந்தது. கூட வந்த இரண்டு பட்டாளத்துக்காரர்கள் அப்பாவைத் தனியாக அழைத்து, திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அப்பா அதை அத்தையிடம் சொன்னார். அத்தை அழவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. பெட்டியின் மேல் கையை வைத்து, "தலைமாடு எந்தப் பக்கம்ண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவர்கள் காட்டிய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. கூட்டத்தில் யாரோ எனக்கு பிஸ்கட் கொடுத்தார்கள் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அதன்பிறகு எதிர்ச் சுவரில் மாமாவின் படம் ஏறியது. யூனிபார்மில், மார்பை நிமிர்த்திக்கொண்டு, யாரையோ முறைத்துக்கொண்டிருந்த படம். அத்தை அதற்குத் தினமும் பூ வைப்பாள். வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து, வட்டத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்காருவாள். வட்டத்தின் மேல் சாய மாட்டாள், அதை ஒட்டி. சாயங்காலம் பால்காரர் வருகிறவரைக்கும் அப்படித்தான் இருப்பாள். ஒருநாள் நான் கேட்டேன், படத்துக்குப் பக்கத்தில் உட்காரலாமே என்று. "அது பட்டாளத்துக்காரருட்டி. எனக்கு அவ்வளவு பழக்கம் கிடையாது" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவரிடம் அப்பா முதலிலேயே சொல்லிவிடுவார்: "அந்த எடத்த மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி." அவர் நல்ல மனுஷன். மற்ற சுவரையெல்லாம் பெரிய மட்டையால் விளாசுகிறவர், அந்த இடம் வந்ததும் சின்ன பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வட்டத்தைச் சுற்றிக் கோடு இழுப்பது போல இழுப்பார். இப்படி இரண்டு பொங்கல். சுவர் வெளுக்க வெளுக்க வட்டம் கறுத்தது. முன்னால் கவனிக்காமல் போனவர்கள்கூட இப்போது உள்ளே நுழைந்ததும், "அது என்னது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேள்விதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. கடையத்தில் போலீஸ் வேலை பார்க்கிற ஒருவர், மனைவி இறந்து மூன்று வருஷம் ஆனவர், அத்தையைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா அரை மனசாக இருந்தார். ஆடி கழியட்டும் என்று ஒத்திப் போட்டிருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஆவணி பொறந்ததும் பாக்க வாராவ. வந்து ஒக்காந்து, இது என்னதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல? மொதப் புருசன் தலைன்னு சொல்லவா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தைதான் பதில் சொன்னாள்.

"யாரு வேணாலும் வரட்டும் மதினி. நான் சேலை மாத்திட்டு வந்து நிக்கேன். காப்பி கொடுக்கச் சொன்னா கொடுக்கேன். செவத்த மட்டும் விட்டுருங்க."

நானும் தம்பியும் அப்பளத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஆடியில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக இங்கிலீஷ் மிஸ் வந்தார். செங்கோட்டைப் பக்கம். எங்களை 'மக்களே' என்று கூப்பிடுவார். அதற்காகவே அவர் சொன்னதையெல்லாம் செய்ய நாங்கள் காத்துக்கிடந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, மேசையின் மேல் விரலை வைத்து இழுத்துத் தூசியைக் காட்டி ஊதினார். "இது டர்ட். ஊதினா போச்சு." பிறகு ஜன்னல் கம்பியில், காலாகாலமாகப் பிள்ளைகள் பிடித்துத் தொங்குகிற இடத்தில், அதே விரலை வைத்துத் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. "இது க்ரைம். ஊதினா போகாது மக்களே. ஊறிப் போயி ஒட்டிப் பிடிச்சிருக்கும். ஒக்காந்து தேய்க்கணும்." வீட்டுப்பாடம் கொடுத்தார்: அவரவர் வீட்டில் ஒரு க்ரைமைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, அதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

மிஸ் சொல்லாத சில விஷயங்களை நான் பின்னாளில் ஃபோனில் அகராதிகளைத் துழாவித் தெரிந்துகொண்டேன். அந்த வார்த்தை மிகப் பழையது. கடல் தாண்டி, பக்கத்து நாட்டு மொழிகளிலிருந்து இங்கிலீஷுக்கு வந்திருக்கலாம் என்கிறார்கள். அங்கே அதன் உறவுச் சொல் ஒன்றுக்குக் கரி என்றும் அர்த்தம், முகமூடி என்றும் அர்த்தம். முகத்தில் கரியைப் பூசிக்கொண்டால் அது ஒரு முகமூடிதானே. இன்னும் பின்னால் போனால் வேருக்குத் தேய்ப்பது, பூசுவது என்று பொருளாம். கிரேக்க மொழியில் ஒருவர் தலையில் எண்ணெய் பூசுவதற்குச் சொல்கிற சொல்லும் அதே வேரில் முளைத்ததாம். இதைப் படித்த அன்று கடையை அரைநாள் முன்னதாகவே அடைத்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மாமாவுக்குத் திதி கொடுக்க அவருடைய தம்பி குற்றாலத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பாவும் அத்தையும் விடியக்காலையிலேயே போய்விட்டார்கள். தம்பி பக்கத்து வீட்டில் விளையாடப் போனான். நானும் அம்மாவும்தான் இருந்தோம்.

நான் முதலில் அடுக்களையில் தேடினேன். புகை படிந்த மேல்சுவர் கிடைத்தது, எட்டவில்லை. பின்வாசல் கதவில் தாழ்ப்பாளைச் சுற்றி இருந்தது. மரத்தோடு மரமாக இருந்ததால் அது அழுக்கா நிறமா என்று சந்தேகம். பட்டாசாலைக்கு வந்து நின்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி தேடுத?"

"அழுக்கு தேடுதேன்."

"இந்த வீட்டுல அழுக்குக்கு என்ன பஞ்சம்" என்றாள். நான் மிஸ் சொன்னதைச் சொன்னேன். ஊதினால் போகக் கூடாது, ஊறியிருக்க வேண்டும், தேய்த்தால்தான் போக வேண்டும் என்றேன். அம்மாவின் கையில் முறம் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சுவரைப் பார்த்தாள். கையால் காட்டவில்லை, வாயாலும் சொல்லவில்லை. அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன், அவ்வளவுதான்.

"அது அத்தையோடதுல்லா?" என்றேன்.

"செவரு நம்மோடதுட்டி" என்றாள்.

எழுந்து போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். ஒரு வாளி தண்ணீர் தூக்கினாலே அதட்டுகிறவள், அன்று அவளே வாளியைக் கொண்டு வந்து வைத்து, சோப்புத்தூளைக் கலக்கி, தேங்காய் நாரைப் பிய்த்து உருட்டி, துடைக்க ஒரு பழந்துணியும் சேர்த்துக் கையில் கொடுத்தாள். உட்கார்ந்து தேய்க்க மணையும் போட்டாள். "பாத்துத் தேய். காரை பேந்துரப் போகுது." அதற்குப் பிறகு, என்னிடம் சொல்வது போல இல்லாமல், "இருபத்தாறு வயசு" என்றாள். வீட்டுப்பாடத்துக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

தேய்த்தேன். முதலில் சுற்றியிருந்த சுண்ணாம்புதான் கரைந்து ஒழுகியது. வட்டம் அசையவில்லை. இரண்டாவது தடவை வெந்நீரை ஊற்றியபோதுதான் அது இளகியது. இளகியதும் ஒரு வாசனை எழும்பியது. தேங்காய் எண்ணெய், வியர்வை, அருவியிலிருந்து வந்தவர் தலையில் இருக்கிற அந்த ஈர வாசனை. மாமா இப்போதுதான் குளித்துவிட்டு வந்து கைலியை மடித்துக் கட்டுவது போல அந்தக் கூடம் முழுக்க அவர் வாசனை. "அம்மா, மாமா வாசம் அடிக்கி!" என்று கத்தினேன். அம்மா முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். சோப்புத்தூள் நெடி அவளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மத்தியானத்துக்குள் அடியில் இருந்த பழைய நீலச் சுண்ணாம்பு தெரிந்துவிட்டது. தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். துணியை இரண்டு தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். நான் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை அதற்கு முன் செய்ததில்லை.

அவர்கள் திரும்பும்போது மணி மூன்று இருக்கும். அத்தையின் முடி ஈரமாக முதுகில் கிடந்தது. கையில் எனக்காக ஒரு பையில் ரம்புட்டான் பழம். "இந்தாட்டி" என்று பையை நீட்டிக்கொண்டே, வழக்கம்போல அந்தச் சுவர்ப் பக்கம் உட்காரப் போனவள், பாதியில் அப்படியே நின்றாள். பையை நான்தான் அவள் கையிலிருந்து வாங்கினேன்.

சுவர் இன்னும் காயவில்லை. அத்தை குனிந்து உள்ளங்கையை அந்த ஈரத்தில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ள... பள்ளிக்கூடத்துல என்னமோ சொல்லிவிட்டாவன்னு..." என்றாள் அம்மா.

அத்தை அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்: "வெந்நி யாருட்டி போட்டா?"

"அம்மாதான்!" என்றேன். "சோப்பும் அம்மாதான் கலக்கிக் கொடுத்தா. மணைகூடப் போட்டா."

அப்பா திரும்பி, வண்டியைச் சரியாக நிறுத்தவில்லை என்பது போல வெளியே போனார். அத்தை தலையை ஆட்டினாள். அப்புறம், "தொடச்ச துணி எங்க?" என்றாள்.

"அலசிக் காயப் போட்டுட்டேன் அத்தை. எண்ணெப் பிசுக்கே இல்ல. வேணும்னா மோந்து பாரு."

அவள் கொல்லைக்குப் போனாள். கொடியில் கிடந்த துணியை எடுத்து, நான் சொன்னதைச் செய்தாள். மோந்து பார்த்துவிட்டு, மடித்து, மறுபடி கொடியிலேயே போட்டாள்.

ஆவணியில் கடையத்துக்காரர் வந்தார். சுவரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை; கேட்க அங்கே ஒன்றும் இல்லை. அத்தை சரி என்றாள். இன்று அவளுக்கு இரண்டு பையன்கள், மூத்தவன் காலேஜ் முடித்துவிட்டான். அந்த மாமாவும் நல்ல மனுஷன்தான். அத்தையை ஒரு சொல் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் அத்தை கூடத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு சாயாமல் உட்காருவாள். அம்மாவும் அவளும் நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை நான் அம்மாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டுவிட்டேன். "நானா தேய்ச்சேன்?" என்றாள் முதலில். அப்புறம், "அவ இன்னைக்கு நல்லா இருக்காளா இல்லியா, அதச் சொல்லு" என்றாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டுப்பாடம் பாக்கி இருந்தது. ரம்புட்டானைத் தின்று முடித்துவிட்டு, ஐந்து வாக்கியத்தையும் இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: எங்கள் வீட்டுச் சுவரில் க்ரைம் இருந்தது. அது மிகவும் பழையது. நான் அதை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். இப்போது சுவர் சுத்தமாக இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம்.

அப்பா இன்னும் வெளியேதான் இருந்தார். அம்மா அடுக்களையை விட்டு வரவில்லை. நான் நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அவள் அந்தச் சுவருக்கு முன்னால், சாயாமல், ஈரத்தின் மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தை பத்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு வாக்கியமாக, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். கடைசி வாக்கியத்தில் விரலை வைத்தாள்.

"இந்த எல்லாரும்னா யாரு யாருட்டி?"

நான் விரல் விட்டு எண்ணினேன். "அப்பா, அம்மா, நீ, நான், தம்பி. அஞ்சு பேரு."

"அஞ்சுதானா?"

"அஞ்சுதான்" என்றேன். வேறு யாரும் விட்டுப்போகவில்லையே என்று மனசுக்குள் இன்னொருமுறை எண்ணியும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"கையெழுத்து எங்கன போடணும்?"

இடத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கிப் போட்டாள். அவள் கை சுவர் ஈரத்தோடு இருந்தது. நோட்டை அழுத்திப் பிடித்த இடத்தில் மை கலைந்து, சந்தோஷத்தைச் சொல்கிற கடைசி வரி முழுக்க நீலமாகப் பரவிவிட்டது. அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன். மிஸ் என்ன சொல்வாரோ என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏங்கி ஏங்கி அழுதேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் முதுகைத் தடவினாள். "அழாதட்டி. போனா போகுது. வேற பக்கத்துல எழுதிக்கிடலாம். நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டுத் தாரேன், என்ன?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சமாதானம் ஆகவே இல்லை. அந்த வீட்டில் இவ்வளவு பெரிய நஷ்டம் எனக்கு மட்டும் ஏன் வர வேண்டும் என்றிருந்தது. என் கண்ணை அவள்தான் துடைத்துவிட்டாள்.